ஏழாமவருக்குப் பதினைந்து ஏக்கர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தான் வருகின்றன என்று மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். இதை எழுதுகிறவர் சொல்லியிருக்கிறார், தட்டியிருக்கிறார்கள். ஆனால் இது அந்த அழகான வகைப் பொய் அல்ல. முத்திரைத்தாளில் எழுதி, பதிவு செய்து, ரசீது வாங்கி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிய பொய்.

எழுதுகிறவருக்கு வயது ஐம்பத்திரண்டு. வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதுகிறார். ஊதிப்போன பெரிய மனிதர்களை ஊசியால் குத்திக் காற்று இறக்குவது அவர் பிழைப்பு. ஊசி எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அது தன் நெஞ்சுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை.

கதையை நாலு விதமாகத் தொடங்கிப் பார்த்தார்.

"மண் மனிதனுக்குச் சொந்தமில்லை, மனிதன்தான் மண்ணுக்கு —" [நிறுத்தினார். இப்படி எழுதுகிறவர்களைத்தான் அவர் இருபது வருடமாகக் கிண்டல் செய்துவருகிறார்.]

"அப்பா நல்லவர்." [உண்மை. ஆனால் அடுத்த வாக்கியம் 'ஆனால்' என்றுதான் ஆரம்பிக்கும்.]

"விசாரணை அறையில் மின்விசிறி கடகடவென்று —" [எல்லாக் கதைகளிலும் இதே மின்விசிறிதான் ஓடுகிறது. கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.]

"அக்கா ஆளைப் பிடித்துவிட்டாள்."

இது பரவாயில்லை. ஆனால் எந்த ஆள், எதற்காகப் பிடித்தாள் என்று சொல்ல முப்பத்துமூன்று வருடம் பின்னால் போகவேண்டும்.

2

அந்த வருடம் ஒரு சட்டம் வந்தது. ஓர் ஆள் பதினைந்து ஏக்கருக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது. மிச்சத்தை அரசாங்கம் எடுத்து, அதில் உழுகிறவர்களுக்கே பிரித்துக் கொடுக்கும்.

அப்பாவிடம் பதினைந்தைப் போலப் பல பதினைந்துகள் இருந்தன. முதலில் அம்மா பேருக்கு எழுதினார். பிறகு அக்கா, மாமா, சித்தப்பா, சித்தப்பாவின் கைக்குழந்தை. உறவு தீர்ந்துவிட்டது. நிலம் தீரவில்லை.

எழுதுகிறவர் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். அப்பா அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பத்திர எழுத்தர் ஏற்கெனவே அங்கே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் பதினோரு ஆள் வேணும்" என்றார் அப்பா.

"வேலைக்காப்பா?"

"பேருக்கு."

"நம்ம டிரைவர் பேரைப் போடுங்களேன்."

"உசுரோட இருக்கறவன் நாளைக்கே என்னோடதுன்னு வந்து நிப்பான். இல்லாத ஆள்தாண்டா யோக்கியன். நீதான் காலேஜ் பத்திரிகைல கதை எழுதறியே, உக்காந்து எழுது."

எழுதினார். முதல் ஆறு பேர் சப்பென்று வந்தார்கள். வயது, தகப்பன் பேர், விலாசம், அவ்வளவுதான். ஏழாமவரிடம் வந்தபோது என்ன ஆயிற்றோ, கை தானாக ஓடியது. ஏழாமவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். சிறு வயதில் ஏணியிலிருந்து விழுந்ததில் வலது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு. கல்யாணம் ஆகவில்லை. பெண்டாட்டி, பிள்ளை, கூடப்பிறந்தவர் எவரும் இல்லை. பத்தொன்பது வயதுக்காரர்கள் எழுதும் பாத்திரங்களுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். அதுதான் அந்த வயதில் ஆழம்.

அப்பா படித்துப் பார்த்தார். "பத்திரத்துக்கு எதுக்குடா இவ்வளவு? அவன் என்ன இந்த வீட்டு மாப்பிள்ளையா?"

"இருக்கட்டுங்க" என்றார் பத்திர எழுத்தர். "தழும்பு இருந்தா ஆபீசர் நம்புவாரு. இல்லாத ஆளுக்கு யாருங்க தழும்பு வைப்பாங்க?"

பதினோரு பேருக்கும் கைரேகை வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த கட்டைவிரல்கள் எல்லாம் ஒவ்வொரு பத்திரத்தில் பதிந்தாகிவிட்டன. கடைசியில் ஏழாமவருக்கு எழுதுகிறவர் தன் இடது காலை மேஜைமேல் தூக்கிவைத்து, பெருவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தினார். மூவரும் சிரித்தார்கள். இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: அன்று அந்த அறையில் ஒரு சந்தோஷம் இருந்தது. அப்பா அவர் தோளில் தட்டி, "நீ பொழைச்சுப்ப" என்றார். அதற்கு முன்பு அவர் எழுதிய எதையும் அப்பா படித்ததே இல்லை.

பேட்டிகளில், உங்கள் முதல் கதை எது என்று கேட்பார்கள். ரயிலில் வரும் ஒரு குருட்டுப் பாடகனைப் பற்றிய கதையைச் சொல்வார். அது இரண்டாவது.

3

[இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். அவசரப்படுகிறவர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் இதன் கடைசியில் இருக்கும் அடிக்குறிப்பை யாரும் பார்க்காமல் தாண்டிப்போனால் நல்லது என்று எழுதுகிறவர் நினைத்தார். அதனால் படியுங்கள்.]

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவர் எழுதிய ஒரு அரைப் பக்கம் பிரபலமானது. அந்தச் சட்டத்தைத் தூக்கிவிடலாம் என்று சில பெரிய மனிதர்கள் பேச ஆரம்பித்திருந்த நேரம். அவர் எழுதினார்: "ஒருவன் தன் நிலத்தின் ஒரு மூலையிலிருந்து கிளம்பி நடக்கட்டும். எந்த இடத்தில் தாகம் எடுக்கிறதோ, அந்த இடத்தோடு அவன் நிலம் முடிந்தது. அதற்கு மேல் இருப்பது அவன் நிலமல்ல, அவன் தாகம்."

வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள். உழவர் சங்கம் மரப்பலகையில் அவர் பேரைச் செதுக்கிக் கொடுத்தது.

அந்த வாதத்தை அவர் இன்றும் நம்புகிறார், அதுதான் சிக்கல். நாற்காலி நூறு வைத்துக்கொள், யாருக்கும் நஷ்டமில்லை, தச்சர் இன்னும் நூறு செய்வார். நிலத்தை யாரும் புதிதாகச் செய்வதில்லை. ஒருவர் வேலி நகர்ந்தால் இன்னொருவர் வாசல் நகர்ந்தாகவேண்டும். ஆகவே நிலம் வைத்திருப்பது ஒரு பொருளை வைத்திருப்பது போல அல்ல, அடுத்தவர் நிற்கும் இடத்தை வைத்திருப்பது போல. அதற்கு ஓர் அளவு வேண்டும்.

அக்கா இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். அப்பா இறந்தபிறகு நிலம் அவள் பொறுப்பு, இன்று அந்த நிலங்களின் நடுவே ஒரு குளிர்பதனக் கிடங்கு நடத்துகிறாள். நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். "அங்க கரண்ட் யாரு கொண்டுவந்தா? ரோடு யாரு போட்டா? ஆளுக்கு ரெண்டு ஏக்கர்னு கிழிச்சுக் குடுத்திருந்தா வெளைஞ்சது வழியிலேயே அழுகியிருக்கும். ஏன்டா, உன் வீட்ல சுவர் தெரியாம புஸ்தகம் வச்சிருக்கியே, பாதி பிரிச்சுக்கூடப் பாக்கல. அதுக்கு எப்ப உச்சவரம்பு?"

புத்தகத்துக்கான பதில் அவரிடம் உண்டு. கிடங்குக்கான பதில் முழுதாக இல்லை. அழுகாமல் இருக்கும் தக்காளி உண்மையான தக்காளிதான். ஆனால் பெரிதாகச் செய்யவேண்டிய காரியத்தைப் பலர் சேர்ந்து செய்யலாமே, ஒருத்தியே ஏன் —

[இந்த வாக்கியத்தை முடிக்கும் யோக்கியதை அவருக்கு இல்லை. கீழே பார்க்க.]

* அடிக்குறிப்பு: எழுதுகிறவர் இப்போது உட்கார்ந்திருக்கும் மூன்றாம் மாடி வீடு, ஒன்பதாமவரின் பதினைந்து ஏக்கரை விற்று வாங்கியது. ஒன்பதாமவரும் அவர் எழுதியவர்தான். தாகத்தைப் பற்றிய அந்த அரைப் பக்கம் இந்த வீட்டின் பால்கனியில் எழுதப்பட்டது. காற்று நன்றாக வரும்.

4

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலை. வாசலில் ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். தோளில் துணிப்பை, கையில் தாள்கள் திணித்த பிளாஸ்டிக் உறை. வெள்ளரி பயிரிட்டுச் சந்தையில் விற்பவர். வெள்ளரிக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்களாம்.

"சங்கத்துக் கூட்டத்துல உங்க பேச்சக் கேட்டேன் சார். தாகம்னு சொன்னீங்களே. அழுகையே வந்துருச்சு. நீங்கதான் ஒரு ஒத்தாசை பண்ணணும்."

உட்காரச் சொன்னார். பெருமையாக இருந்தது. [இருந்தது. எழுதிவிட்டார், அடிக்கப் போவதில்லை.]

விஷயம் இதுதான். புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது: பத்து வருடத்துக்கு மேல் ஒரே நிலத்தில் உழுகிறவர், பதிவேட்டிலுள்ள சொந்தக்காரர் நேரில் வந்து சரி என்று சொன்னால், அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். இவரும் செத்துப்போன கணவரும் இருபத்திரண்டு வருடமாக இரண்டு ஏக்கரில் உழுதிருக்கிறார்கள். சொந்தக்காரரைப் பார்த்ததே இல்லை. வெளியூரில் இருக்கிறார் என்று அப்பாவின் மேலாளர் சொல்லியிருக்கிறார்.

"உங்க அப்பாதான் அவரு சார்பா எல்லாம் பாத்துக்கிட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

உறையிலிருந்து பதிவேட்டு நகலை எடுத்து நீட்டினார். வலது புருவத்தில் தழும்பு. கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஏழாமவர்.

அந்த நேரத்தில் சொல்லியிருக்கவேண்டிய வாக்கியம் சின்னது. அம்மா, இப்படி ஒருத்தர் இல்லை. சொன்னால் அது அரசாங்கம் எடுக்கவேண்டிய நிலம் என்று ஆகும். விதிப்படி இரண்டு ஏக்கரும் நேராக அவருக்கே போகும். கூடவே மற்றப் பத்துப் பேரும் சரிவார்கள். அக்காவின் கிடங்கு, இந்தப் பால்கனி, மரப்பலகை, எல்லாம். நான் அன்று —

(அவர். அவர் அன்று.)

"பாத்திருக்கீங்களா சார் அவர?"

"சின்ன வயசுல பாத்த ஞாபகம்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் எதிரில் ஒருவர் இவ்வளவு ஆவலாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தொழில் என்று ஒன்று இருக்கிறதே.

"கொஞ்சம் காலை இழுத்து நடப்பார்" என்றார். "இடது கால்."

பத்திரத்தில் அது கிடையாது. அப்போதுதான் தோன்றியது. தோன்றியவுடன், நன்றாக இருக்கிறதே என்றும் தோன்றியது.

வெள்ளரிக்காரம்மா பேனா வாங்கி, நகலின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

5

இந்த இடத்தில் எழுதுகிறவருக்கு ஒரு சந்தேகம். வெள்ளரிக்காரம்மா ரொம்ப நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். ஏழைகளை நல்லவர்களாக எழுதுவது சுலபம். அவர்களுக்கு நிலம் கொடுக்காமல் இருப்பதற்கு அது ஒரு ஈடு. ஆகவே தெரிந்ததைச் சொல்லிவிடலாம். அடுத்த நிலத்துக்காரரோடு இந்த அம்மாள் பேசுவதில்லை. காரணம், வருடத்துக்கு ஒரு சாண் வீதம் வரப்பை அந்தப் பக்கம் நகர்த்திவந்திருக்கிறார். அவரே சொன்னார், வெட்கப்படாமல்.

"அவன் அந்த ஓரத்துல ஒண்ணும் போடறதில்ல சார். சும்மாதான கெடக்குது."

அப்பாவும் இதையேதான் சொல்வார், அளவுதான் வேறு. எழுதுகிறவர் இதைக் குறித்துவைத்துக்கொண்டார். ஒரு சாணுக்கும் நூற்றுக்கணக்கான ஏக்கருக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கோடு போடவேண்டியிருப்பதால்தான் சட்டம் என்ற ஒன்று தேவைப்படுகிறது என்று ஒரு நல்ல வாக்கியம்கூட வந்தது. நல்ல வாக்கியங்கள் அவருக்கு எப்போதும் வரும்.

இதற்கிடையில் அந்த அம்மாள் தேடிக்கொண்டிருந்தார். சந்தை இல்லாத நாட்களில் பஸ் ஏறிப் பக்கத்து ஊர்களுக்குப் போனார். கடிகாரக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். முதியோர் இல்லங்களில் விசாரித்தார். நோட்டீஸ் அச்சடித்துப் பஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் ஒட்டினார்: "வலது புருவத்தில் தழும்பு. இடது காலை இழுத்து நடப்பார். கடிகார வேலை தெரிந்தவர். சொந்தம் யாரும் இல்லை. கண்டவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்."

எழுதுகிறவர் எழுதியவற்றில் மிக அதிகம் பேர் படித்தது அதுவாகத்தான் இருக்கும். பஸ் நிலையத்தில் அவரே நின்று படித்தார். 'தயவுசெய்து' என்பது மட்டும் அவர் எழுதியது அல்ல.

6

அக்கா ஆளைப் பிடித்துவிட்டாள்.

கிடங்கின் அலுவலக அறையில் வைத்துச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"அவ ஒட்டுன நோட்டீஸ வச்சுத்தான் தேடுனேன். தழும்பு நிஜம். வயசு சரியா இருக்கு. கால் மட்டும் நடிப்பு. முன்ன எங்கயோ வாட்ச்மேனா இருந்தாராம். வாட்ச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல, போதும்."

"என்ன பண்ணப்போறார்?"

"வந்து, நான்தான் அந்த ஆள், என் பதினஞ்சு ஏக்கரையும் கிடங்குக்காரம்மாவுக்கு விக்கறேன்னு சொல்லுவாரு. லாரி நிக்க எடமில்லாம நான் படற பாடு உனக்குத் தெரியாது."

"வெள்ளரி போட்டிருக்காங்களே ரெண்டு ஏக்கர்ல."

"கிடங்குல வேலை போட்டுத் தரேன். நிழல்ல வேலை." அக்கா இதை நல்ல மனதோடுதான் சொன்னாள். "ஆனா ரேகை அழிஞ்சிருக்காம். தெரிஞ்ச ஒருத்தர் அடையாளம் சொல்லணுமாம். நீ சொன்னா யாரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. ஊருக்கே நியாயம் சொல்றவனாச்சே."

"அக்கா, அப்படி ஒரு ஆளே இல்ல. நான் எழுதினது."

"எனக்குத் தெரியாதா? நீ எழுதுனதவிட இவரு நல்லாவே இருக்காரு. ஒரு தரம் பாரேன்."

"நான் போய் உண்மையைச் சொல்லிட்டா?"

அக்கா கோபப்படவில்லை. தம்பியைப் பாவமாகப் பார்த்தாள். "சொல்லேன். எனக்குக் கிடங்கு போகும். உனக்கு வீடு போகும். அதுகூடப் போகட்டும். பேரு போகும்டா. அதத் தாங்குவியா நீ?"

கூடப்பிறந்தவர்களுக்குத்தான் இவ்வளவு சரியாகக் குத்த வரும்.

7

விசாரணைக்கு மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தார்.

முதல் முடிவில் அவர் எழுந்து, கணீரென்று உண்மையைச் சொல்கிறார். அறை நிசப்தமாகிறது. வெள்ளரிக்காரம்மாவின் கண்கள் பனிக்கின்றன. [இதை எழுதும்போது அவருக்கே கண் பனித்தது. அதனால்தான் கிழித்தார்.]

இரண்டாம் முடிவில், "இவர்தான்" என்கிறார். நேர்மையான அயோக்கியத்தனம். அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

மூன்றாவதை எழுதவில்லை. அது நடந்தது.

உள்ளே போகும் முன் வெள்ளரிக்காரம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்தார். "வந்துட்டாரு சார். கண்டுபிடிச்சாச்சு. ஆனா நிலத்த உங்க அக்காவுக்குத்தான் தருவேங்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு. சின்னப்புள்ளைல உங்களத் தூக்கி வச்சிருந்தாராமே."

உள்ளே பெரியவர் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. புருவத்தில் தழும்பு, நினைத்ததைவிடக் கொஞ்சம் நீளம். இவரைப் பார்த்ததும் எழுந்து, இடது காலை இழுத்துக்கொண்டு இரண்டடி வந்தார்.

"தம்பி, எப்படி வளந்துட்ட. உங்க வீட்டுச் சுவர்க் கடிகாரம் இன்னும் அஞ்சு நிமிசம் முந்தித்தான் ஓடுதா?"

அது யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல, சொந்தச் சரக்கு. எழுதுகிறவருக்குப் பொறாமையாக இருந்தது. அந்த அறையில், அந்த நிமிடத்தில், பொறாமை.

நில அலுவலருக்கு முப்பது வயதுதான் இருக்கும். எழுந்து நின்று வணக்கம் சொன்னார். "சார், உங்க 'தாகம்' படிச்சுட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்." பிறகு பதிவேட்டைப் புரட்டினார். "ரேகை பிரயோஜனமில்ல. கட்டைவிரல்னு போட்டிருக்கு, ஆனா இவ்வளவு பெரிய கட்டைவிரல நான் பாத்ததில்ல. நீங்க சொன்னாப் போதும் சார். அந்த நிலத்துக்காரர் இவர்தானா?"

ஒரு பக்கம் அக்கா கைப்பேசியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். இன்னொரு பக்கம் வெள்ளரிக்காரம்மா. நடுவில், தான் எழுதியவர் உயிரோடு நின்று தன்னைப் பார்த்துச் சிரிப்பதை எழுதுகிறவர் பார்த்தார்.

"முப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு" என்றார். "உறுதியாச் சொல்ல முடியல."

அலுவலர் ஏமாந்துபோனதைக் காட்டிக்கொள்ளாமல், விசாரணையைப் பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிவைத்தார். "நல்லா யோசிச்சுப் பாத்துட்டு வாங்க சார்" என்றார், மரியாதையாக.

8

தாழ்வாரத்தில் வெள்ளரிக்காரம்மா அவரைத் தேற்றினார்.

"விடுங்க சார். வயசானா மறக்கத்தான் செய்யும். நீங்க பொய் சொல்லாம இருந்தீங்களே, அதுவே போதும்."

எழுதுகிறவர் கசங்கிய சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார்.

"அந்தப் பெரியவரப் பாத்தா பாவமா இருக்கு. பொண்டாட்டி புள்ள யாருமில்லயாம். காலு வேற அப்படி. பஸ் வரைக்கும் கூடப் போய்ட்டு வரேன்."

போனார். படிக்கட்டில் அந்த மனிதரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார். பெரியவர் பாதிப் படியில் எந்தக் கால் என்பதை மறந்து, வலது காலை இழுக்க ஆரம்பித்தார். வெள்ளரிக்காரம்மா கவனிக்கவில்லை, அவர் பாரத்தைத் தாங்குவதில் குறியாக இருந்தார்.

இதுவரைக்கும் எழுதி, எழுதுகிறவர் மனைவியிடம் கொடுத்தார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை, பென்சிலோடுதான் படிப்பார். முழுதும் படித்தார். ஓர் இடத்தில்கூடக் கோடு போடவில்லை.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. மனுவா எழுதிக் குடுத்தா ஒரு பக்கத்துல முடிஞ்சிருக்கும்."

"இது கதை."

"தெரியுது. கதைன்னு மேல போட்டுட்டா யாரும் உங்களக் கூப்பிட்டுக் கேக்க மாட்டாங்க, இல்ல?" தாள்களைத் தட்டி நேராக்கித் திருப்பிக் கொடுத்தார். "வீடு போனா போகட்டும். எங்கயாவது வாடகைக்குப் போய்க்கலாம். அத நெனச்சு எழுதறீங்கன்னா என்மேல பழி போடாதீங்க."

அந்தச் சாக்கும் போயிற்று.

இந்த இடத்தில் வழக்கமாக ஒன்று செய்வார்கள். முடிவை வாசகரிடம் ஒப்படைப்பார்கள். வாசகரை மதிக்கும் நவீன உத்தி என்று அதற்குப் பேர். எழுதுகிறவரும் தயாராக எழுதிவைத்திருந்தார்: "விதிப்படி, விஷயம் தெரிந்த எவரும் விசாரணையில் எழுந்து பேசலாம். இதைப் படித்துவிட்ட உங்களுக்கும் இப்போது விஷயம் தெரியும். ஆகவே இந்தக் கதையின் முடிவு இனி உங்கள் —"

எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தன்னிடம் இருப்பதை, அதனால் தனக்கு வரவேண்டியது வராமல் இருக்க, முகம் தெரியாத ஒருவர் பேருக்கு மாற்றிவைப்பது. அப்பாவின் அறையில் மூன்று பேர் சிரித்துக்கொண்டே செய்தது இதைத்தான். பினாமியாக இருக்க உங்களுக்கு என்ன தலையெழுத்து?

அந்த வரிகளை அடித்துவிட்டார். முடிவு உங்களுக்குக் கிடையாது. அது அவர் பேரிலேயே இருக்கிறது. பதினெட்டாம் தேதி, பதினோரு மணிக்குக் கூப்பிடுவார்கள்.